எண்பது சென்டிமீட்டர் தேசபக்தி

பிளஸ் டூ முடித்த ஒரு பையன் தரைப்படையில் சேர்வதா, கடற்படையில் சேர்வதா, விமானப்படையில் சேர்வதா என்று முடிவு செய்ய எத்தனை நாள் ஆகும்? மற்ற ஊர்களில் ஒரு டீ குடிக்கிற நேரம் போதும் என்கிறார்கள். எனக்கு மூன்று வருடம் ஆனது. நான் மந்தபுத்திக்காரன் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். இதை முடிவு செய்து தருவதற்கென்றே எங்கள் திருப்பூரில் ஒரு கழகம் இருந்தது. அதற்குத் தலைவர், செயலாளர், லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் இருந்தன. இத்தனையும் இருக்கிற இடத்தில் ஒரு முடிவு அவ்வளவு சுலபத்தில் வந்துவிடாது.

என் பெயர் கந்தவேல். ஊர் நெருப்பெரிச்சல். அப்பா நஞ்சப்பன் பனியன் கம்பெனியில் டெய்லர். அம்மா மயிலாள் அதே கம்பெனியில் பனியனை மடித்துப் பெட்டியில் வைக்கிற வேலை. நான் 1988இல் பிளஸ் டூ பாஸ் செய்தேன். எங்கள் பக்கத்தில் பாஸ் செய்த பையனும் ஃபெயிலான பையனும் அடுத்த திங்கட்கிழமை காலை ஒரே கம்பெனி கேட்டில்தான் நிற்பார்கள். நான் நிற்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடத்து என்.சி.சி. அறையில் ஒரு பழைய காலண்டர் தொங்கும். அதில் ஒரு போர்க்கப்பல், அதன் மேல்தளத்தில் வெள்ளை உடுப்பில் வரிசையாக ஆட்கள். வரிசையின் கடைசியில் இன்னும் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்த இடத்தை நான் பார்த்து வைத்திருந்தேன். கடலை நேரில் பார்த்ததில்லை. நான் பார்த்த தண்ணீர் நொய்யல்தான். அது சாயப்பட்டறைக்காரர்கள் அன்றைக்கு என்ன கலர் போட்டார்களோ அந்தக் கலரில் ஓடும்.

அம்மாவுக்குக் கடற்படை பிடிக்கவில்லை. "நீச்சலே தெரியாதவன் கப்பல்ல போயி என்ன பண்ணுவே கண்ணு" என்றாள். அப்பா விமானப்படைக் கட்சி. "சூலூர்ல தான் பிளேன் எறங்குது. காலீல பஸ் ஏறிப் போயிட்டுப் பொழுதோட ஊட்டுக்கு வந்தர்லாம்" என்றார். விமானப்படை என்றால் சூலூரில் டியூட்டி முடிந்ததும் சங்கு ஊதி ஆட்களை வெளியே விடுவார்கள் என்று அவர் கடைசி வரை நம்பினார்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் டிரில் மாஸ்டர் சென்னியப்பன் சார் ஒரு நோட்டீசோடு வந்தார். அவர்தான் எங்கள் என்.சி.சி.க்கும் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் நான் நம்பிய ஒரே ஆள் அவர்தான். மற்ற வாத்தியார்கள் என்னை 'டேய்' என்றபோது அவர் 'கந்தவேல்' என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நோட்டீசில், 'முப்படை வழிகாட்டு ஆலோசனைக் கழகம், திருப்பூர். எந்தப் படை உமக்குப் பொருந்தும்? அறிவியல் முறையில் கண்டறிந்து சொல்லப்படும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரிஜினல் சான்றிதழ்களுடன் வரவும்' என்று இருந்தது.

"அதே ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ல ஆள் எடுக்கறாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்களே சார்" என்றேன்.

"அங்க போகாதே கந்தவேல். பத்தாயிரம் பேரு வருவான், தள்ளுமுள்ளுல போலீஸ்காரன் அடிப்பான். நம்ம கழகத்து மூலமாப் போனா நேரா டில்லிக்கே பேரு போகுது" என்றார். என்.சி.சி. பையன்கள் நாற்பத்தொரு பேரையும் வரிசையில் நிற்கவைத்து, கோயம்புத்தூர் போக மாட்டோம் என்று கையை நீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டார். வரிசையில் அவர் மகன் ஆத்தப்பன் இல்லை. அவனும் எங்கள் வகுப்புதான், என்.சி.சி.யும்தான். கேட்டதற்கு, "அவனுக்கு மிலிட்டரியெல்லாம் ஆகாது. கொமரலிங்கத்துல அவங்க மாமன் தோட்டத்துக்கு அனுப்பிட்டேன்" என்றார். பாவம் ஆத்தப்பன், சேற்றில் கிடக்கப் போகிறான் என்று நான் மனதார வருத்தப்பட்டேன்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மூன்று மேசைகள். தரைப்படை மேசை மேல் பச்சைத் துணி, கடற்படை மேசை மேல் வெள்ளை, விமானப்படை மேசை மேல் ஆகாய நீலம். மூன்றும் பனியன் துணி. கழகத் தலைவர் சுப்பண்ணன் பனியன் கம்பெனி முதலாளி. கூடியிருந்த எங்களைப் பார்த்து அவர் பேசினார்.

"நம்மூரு பனியன் காஷ்மீரத்துலயும் இருக்குது, கன்னியாகுமரியிலயும் இருக்குது. நம்மூருப் பையன் எங்கீங்க இருக்கறான்? பேக்கரியில இருக்கறான். ஏன்னா எந்தப் படை தனக்குப் பொருந்தும்னு அவனுக்குத் தெரியறதில்லீங்க. பொருந்தாத படையில சேர்ந்தா என்ன ஆகும்? ரெண்டு தொவப்புலயே தெரிஞ்சுபோகும். அக்குள்ல புடிக்கும், கழுத்துல தொளதொளன்னு தொங்கும். அப்பறம் திருப்பிக் குடுக்க முடியுங்களா? முடியாதுங்க. அதனால சேர்றதுக்கு முன்னாடியே நல்லாப் போட்டுப் பார்த்துக்கோணும்."

நாங்கள் கை தட்டினோம். சென்னியப்பன் சார் எழுந்து நின்று தட்டினார்.

அளவெடுக்கும் படலம் தொடங்கியது. இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டிருந்தவர் அழகுமலை. தெற்கேயிருந்து வந்து திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருப்பவர். என் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்து, "எழுபத்தேழு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மார்பு எழுபத்தேழு சென்டிமீட்டர் இருந்தால் மிலிட்டரிக்குப் போதும் என்று என்.சி.சி.யில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அழகுமலை உதட்டைப் பிதுக்கினார்.

"எழுபத்தேழுன்னு ஒரு சைசே கெடையாதேப்பா. எழுபத்தஞ்சு இருக்கு, எம்பது இருக்கு. நடுவுல நின்னா உன்னைய எங்கிட்டுப் போடுறது? ஒண்ணு எறங்கு, இல்லாட்டி ஏறு."

இது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. இந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். நீங்கள் வேறு ஊர்க்காரர். திருப்பூரில் பிறந்தவனுக்கு வராது. எங்கள் தெருவில் மனிதர்களே அப்படித்தான்: அப்பா தொண்ணூறு, மளிகைக்கடைக்காரர் நூறு, ஒல்லியான அஞ்சல்காரர் எழுபத்தைந்து. கம்பெனியில் சாம்பிள் பனியன் அடித்தால் தெருவில் போகிற ஆளைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். அவனும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, டீ வாங்கிக்கொண்டு போவான். பனியன் போடாமல் இந்த ஊரில் எதுவும் நடந்ததில்லை. மற்ற ஊர்களில் மிலிட்டரிக்கு ஓடவிடுவார்கள், குதிக்கவிடுவார்கள். எங்கள் ஊரில் பனியனை வைத்துப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எண்பதுக்கு ஏறிவிடுகிறேன் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தேன்.

அடுத்தது கேள்விப் படிவம். அதைக் கேட்டு எழுதியவர் கழகச் செயலாளர் மூக்கையா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். சட்டையில் இரண்டு மெடல் குத்தியிருந்தார். பதினேழு வருடம் மிலிட்டரியில் இருந்தவர், பதினேழு வருடமும் துணி ஸ்டோரில். அவர் கேட்ட கேள்விகள் இவை. ஒரு நாளைக்கு எவ்வளவு வேர்க்கும்? முதலில் நனைவது முதுகா, அக்குளா? தோளில் அரிப்பு வருமா? பனியனைத் தலை வழியாகக் கழற்றும்போது கழுத்தைப் பிடித்து இழுக்கும் பழக்கம் உண்டா? நாட்டுக்காக உயிரைக் கொடுப்பாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு பனியனைப் போடச் சொல்லி, "ரெண்டு கையவும் மேல தூக்குய்யா. தொப்புள் தெரியுதான்னு பாப்போம்" என்றார்.

"எதுக்குங்க?"

"கொடியேத்துறப்ப கயித்தப் புடிச்சு இழுக்கணும்ல. நம்ம கொடி மேல போறப்ப ஒரு சிப்பாய்க்குத் தொப்புள் தெரியலாமா? வெளிநாட்டுக்காரன் பாத்தா என்ன நெனப்பான்?"

என் தொப்புள் தெரிந்தது. மூக்கையா அதைத் தலையை ஆட்டியபடி குறித்துக்கொண்டார். நான் அவமானத்தோடு கையைக் கீழே இறக்கினேன். ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளை வாங்கி, 'பரிசீலனையில்' என்று எழுதிய இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

மூன்று மாதம் அம்மா களியையும் முட்டையையும் திணித்து என்னை எண்பதுக்கு ஏற்றினாள். அழகுமலை அளந்து பார்த்து, "பாயிண்ட் மாறாம நிக்கிதே" என்று முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். சுப்பண்ணன் என் தோளில் தட்டி, "இந்தப் பையனை விட்றாதீங்க" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அன்றைக்கு நடந்தே வீட்டுக்குப் போனேன், பஸ் ஏறத் தோன்றவில்லை.

தரைப்படைப் பயிற்சி என்று ஒரு பச்சைப் பனியனும் ஒரு நோட்டும் கொடுத்தார்கள். முப்பது நாள் அதே பனியனைப் போட்டு, தினமும் கல்லில் அடித்துத் துவைத்து, காய்ந்ததும் நீளம் அகலம் அளந்து நோட்டில் எழுத வேண்டும். மற்றவர் துவைக்கக் கூடாது. மூன்றாம் நாள் நீளத்தில் அரை இஞ்சு குறைந்துவிட்டது. எனக்குத் தூக்கம் போயிற்று. என் பெயருக்கு நேராக 'குறைந்தது' என்று எழுதக் கை வரவில்லை. ஈரத்தோடு பனியனை இழுத்து, ஓரங்களில் செங்கல்லை வைத்து அரை இஞ்சை மீட்டு, நோட்டில் 'மாற்றமில்லை' என்று எழுதினேன். மூக்கையா இழுத்த தடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பனியன் சுருங்குனத மறைக்கிறவன், நாளைக்கு எல்லை சுருங்குனா அதையும்ல மறைப்பான்?" என்றார். பதினைந்து பேர் முன்னால் அதைச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அதன் பிறகு ஒரு நாள்கூட நான் பொய் எழுதவில்லை. அந்த நோட்டைப் போல உண்மையான ஒன்றை நான் இன்று வரை எழுதியதில்லை.

அப்படியே ஒரு வருடம் போனது. நான் கடற்படைக்கு மாற்றிக் கேட்டேன். "நல்லது. கடல் பழக்கம் வரட்டும்" என்று வெள்ளைப் பனியன் ஒன்றைக் கொடுத்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மாதம் போட்டேன். முதுகும் அக்குளும் வெந்து புண்ணாகிவிட்டன. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். "கப்பல்ல இதைவிட உப்புக் காத்து அடிக்கும்மா" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். எரிகிற முதுகோடு குப்புறப் படுத்துக்கொண்டு காலண்டரில் இருந்த கடைசி இடத்தை நினைத்துக்கொள்வேன். அது எனக்குத்தான் என்று அப்போது உறுதியாகத் தெரிந்தது. முதலாளி வந்து புண்ணைப் பார்த்தார். "கலரு போயிருக்குதா?" என்று கேட்டார். போகவில்லை என்றதும் சந்தோஷப்பட்டார்.

அதற்கடுத்து விமானப்படை. நீலப் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, காயும் வரை நிற்க வேண்டும். கீழே மூக்கையா கடிகாரம் பார்த்து எழுதிக்கொள்வார். உயரப் பழக்கமாம். அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கீழே நின்றார். பக்கத்தில் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க பையனுங்க. ஏர்போர்ஸு" என்று மேலே கையைக் காட்டினார்.

நாற்பத்தொரு பேர் பன்னிரண்டாகி, பன்னிரண்டு நான்காகி, 1990 கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். மற்றவர்கள் கல்யாணமாகித் தொண்ணூறுக்குப் போய்விட்டார்கள், அல்லது அலுத்துப்போய்க் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நடுநடுவே கோயம்புத்தூரில் ஆள் எடுப்பதாகப் பேப்பரில் வரும். சர்டிபிகேட்டைக் கேட்டுப் போவேன். "எந்தப் படைன்னு முடிவாகாம சர்டிபிகேட்ட எப்படிய்யா வெளிய எடுக்குறது?" என்பார் மூக்கையா. முடிவு எப்போது ஆகும் என்றால், "சர்டிபிகேட்டு பரிசீலனை முடிஞ்சாத்தான்" என்பார். நான் சென்னியப்பன் சாரிடம் போவேன். எனக்கு வருகிற ஜூனில் இருபத்தொரு வயது முடிகிறது, அதோடு வாசல் அடைத்துவிடும் என்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கறேன்ல கந்தவேல்" என்பார். அது போதும் எனக்கு. திரும்பி வந்து பனியனைத் துவைப்பேன்.

1991 மே மாதம் கழகத்தில் லட்டு கொடுத்தார்கள். டில்லியில் ஒத்துக்கொண்டார்களாம். முதலாளி தன் கையால் எனக்கு ஊட்டிவிட்டு, "எல்லாம் உன்னாலதான் கண்ணு. இனி நீ வர வேண்டியதில்லை, ஊட்லயே இரு" என்றார். வீட்டிலேயே இருந்தேன். அம்மா ஒரு டிரங்குப் பெட்டி வாங்கினாள். அப்பா கம்பெனியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எந்தப் படை என்று கேட்டவர்களிடம், "மூணுலயும் டிரெய்னிங் ஆயிருக்குதுங்க. அவங்க பார்த்து எதுல போட்டாலும் சரி" என்றார். அஞ்சல்காரர் தெருமுனையில் தெரிந்தாலே நான் வாசலுக்கு வந்துவிடுவேன். ஜூன் போயிற்று. ஜூலை போயிற்று. கழகத்துக்குப் போய்ப் பார்த்தால் போர்டு இல்லை. அறை முழுக்க நூல் மூட்டை அடுக்கியிருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் அம்மா காதர்பேட்டைக்குப் போய் வீட்டுக்குக் கரித்துணி வாங்கி வரச் சொன்னாள். கம்பெனிகள் கழித்துவிட்ட பனியன்களைக் குவித்து எடை போட்டு விற்கிற கடைகள் அங்கே உண்டு. ஒரு கடை வாசலில் மூன்று குவியல். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை, ஒன்று ஆகாய நீலம். எனக்குக் கால் நின்றுவிட்டது. வெள்ளைக் குவியலில் ஒரு பனியனில் அட்டை தொங்கியது. எடுத்துப் படித்தேன். 'சாம்பிள். சைஸ் 80. அணிந்தவர்: கந்தவேல். உப்புத் தண்ணீர் 30 நாள். துணி: குறையில்லை. தோல்: சிறு குறை.'

கடைக்காரர், "மிலிட்டரி டெண்டருக்கு அடிச்ச சாம்பிளுங்க. எங்க சுப்பண்ண முதலாளி புடிச்சாருல்ல, அந்த ஆர்டரு. கெட்டித் துணி. எடுத்துக்குங்க" என்றார்.

நான் நேராகக் கம்பெனிக்குப் போனேன். சுப்பண்ணன் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்பதே அவருக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார்.

"ஏமாத்திப்போட்டோம்னு சொல்லாதே கண்ணு. வெளிநாட்டுல இதுக்குன்னு மெசின் வெச்சிருக்கறாங்களாமா. நம்ம ஏழை நாடு, மெசினுக்கு எங்க போறது? அதான் உங்கள வெச்சுப் பார்த்துக்கிட்டோம். யோசிச்சுப் பாரு. நீ ஒரு படையில சேர்ந்திருந்தா ஒரே ஒரு ஆளு. இன்னைக்கு மூணு படையிலயும் எம்பது சைசு சிப்பாய் ஒவ்வொருத்தன் மேலயும் உன் அளவுதான் இருக்குது. அவங்களுக்கு முதுகு வேகாது. ஏன்? உனக்கு வெந்ததைப் பார்த்துத் தையல மாத்திட்டோம். இதைவிட நாட்டுக்கு என்ன பண்ணோணுங்கறே?"

"எனக்கு வயசு தாண்டிப்போச்சுங்க."

"வயசு எல்லாருக்குந்தான் தாண்டுது. எனக்கு அம்பத்தெட்டு" என்றார். அலமாரியிலிருந்து இரண்டு பனியன் கொண்ட பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். நீட்டிய கையைச் சற்று இழுத்துக்கொண்டு, "எம்பதுதானே?" என்று கேட்டுக்கொண்டார்.

பனியனை மேசை மேலேயே வைத்துவிட்டு மார்க் ஷீட்டைக் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். சோதனையில் பங்கெடுத்தவர்கள் படித்தவர்கள் என்று காட்ட அவற்றை டில்லிக்கு அனுப்பியிருந்தார்களாம். பனியன்களோடு சேர்த்து நூலில் கோத்து அனுப்பியதில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் நடுவே ஓட்டை. குறுக்கே சிவப்பு மையில் 'சாம்பிள்' என்று முத்திரை.

மறுநாள் கோயம்புத்தூர் போனேன். ஆளெடுப்பு அலுவலகத்தில் ஒரு வயதான கிளார்க் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, வயசு ரெண்டு மாசம் தாண்டிருச்சு. தாண்டலைன்னாலும் இந்த முத்திரையோட எடுத்துக்க முடியாது. மூணு வருசமா எங்க இருந்தீங்க?" என்றார். முப்படையிலும் இருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அந்த மூன்று வருடத்தில் என்னை அளந்து பார்க்காமல் ஏதாவது கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

அப்போதும் எனக்குச் சென்னியப்பன் சார் மேல் கோபம் வரவில்லை. அவரையும் ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். விஷயம் தெரிந்தால் துடித்துப்போய்விடுவார், அவருக்கு எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். அவர் சொந்த ஊரான கொமரலிங்கத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். நான் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டு ஒருத்தன் நின்றான். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. நிமிர்ந்த முதுகு. ஆத்தப்பன்.

"டேய் கந்தா" என்று வந்து கட்டிக்கொண்டான். "நேவில இருந்து ஒரு மாச லீவுல வந்திருக்கறேன்டா. கொச்சியில இருக்கறேன்."

"எப்படா சேர்ந்தே?"

"எம்பத்தெட்டுலயே. பிளஸ் டூ முடிச்ச அந்த மாசமே, ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ல எடுத்தாங்கல்ல. நம்ம பசங்க யாரையும் காணமேன்னு பார்த்தேன். கம்பெனிக்குப் போறீங்க, மிலிட்டரி வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு எங்கப்பா சொன்னாரு. எம்பது பேர்தான்டா வந்தாங்க. எடுக்கறதோ அறுவது. நீ வந்திருந்தீன்னா கண்ண மூடிக்கிட்டு எடுத்திருப்பாங்க."

சத்தம் கேட்டு சென்னியப்பன் சார் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கையில் சுருட்டி வைத்திருந்த மார்க் ஷீட்டின் சிவப்பு முத்திரை வெளியே தெரிந்தது. அதைப் பார்த்தார். "எனக்கு ஒரே பையன் கந்தவேல்" என்றார். அன்றைக்கும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். என் அம்மாவுக்கும் நான் ஒரே பையன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மார்க் ஷீட்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன். சுப்பண்ணன் என்னை ஏமாற்றியது வியாபாரம். இந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றியிருக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

ஆத்தப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தவன், பேச்சை மாற்ற நினைத்தான் போலிருக்கிறது. தான் போட்டிருந்த வெள்ளைப் பனியனைப் பிடித்துக் காட்டினான்.

"இதைப் பார்றா. இந்த மாசந்தான் புதுசாக் குடுத்தாங்க. நம்ம திருப்பூர்ல அடிச்சதாமா. முன்னாடி குடுத்ததெல்லாம் உப்புத் தண்ணி பட்டா முதுகு வெந்துபோகும். இது ஒண்ணுமே பண்றதில்லடா. எனக்கு எம்பது சைசு. அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குது."

"அளவெடுத்துத்தான்டா தெச்சாங்க" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, மீதித் துணியைக் கொடியில் போடுவதற்காக இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். நான் பார்த்தேன். தொப்புள் தெரியவில்லை.